முப்பத்தொரு பேர் பார்த்த முதுகு

மார்ச் 4

லென்ஸ்,

வெட்கக்கேடான விஷயத்தை முதலில் சொல்லித் தொலைத்துவிடுகிறேன், குசலம் பிறகு விசாரிக்கலாம். போன சனிக்கிழமை சாயங்காலம், முப்பத்தொரு பேர் உட்கார்ந்திருந்த ஒரு கூடத்தில், என் சொந்த முதுகைப் பார்த்து அழுதேன். அழுகையோடு விட்டிருந்தால் கண்ணில் தூசி என்று சமாளித்திருப்பேன். எழுந்து நின்று, "அது என் முதுகு" என்று சொல்லியும் விட்டேன்.

பதினேழு வருஷத்துக்குப் பிறகு வருகிற கடிதம் இப்படித் தொடங்கக்கூடாதுதான். ஆனால் உனக்கு என்னைத் தெரியும். சாவு வீட்டில்கூட முதல் வரியில் சிரிக்க வைத்துவிட்டுத்தான் துக்கம் கேட்பேன்.

உன் முகவரி கிடைத்த கதை தனி. எங்கள் டப்பிங் கூடத்தில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். அடையாள அட்டைக்கு அவள் கொடுத்த புகைப்படத்தில் தாடை ஒரு நூல் உயர்ந்திருந்தது. "போட்டோ எடுத்தவர் ரெண்டு விரலால தாடையத் தூக்கி விட்டாராம்மா?" என்று கேட்டேன். "உங்களுக்கு எப்படி சார் தெரியும்? எங்க ஊர்ல ஒண்ணாங்கிளாஸ்லேருந்து எல்லாருக்கும் அவர்தான் எடுப்பார். ஏழு ஸ்கூலுக்கும் அவர் ஒருத்தர்தான்" என்றாள். அவள் படம் வைத்திருந்த ஸ்டூடியோ உறையின் மேல் தெரு, கதவெண், எல்லாம் இருந்தது. தொலைபேசி எண்ணும் இருந்தது. அழைத்துப் பார்த்தேன். என் எண் உன்னிடம் இன்னும் தடுத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். இத்தனை வருஷத்தில் எத்தனை போன் மாற்றியிருப்பாய். ஒவ்வொன்றிலும் ஞாபகமாக என்னைத் தடுத்திருக்கிறாய். ஒரு விதத்தில் அதுவும் மரியாதைதான்.

நான் இன்னும் குரல்தான் விற்கிறேன். நீ எனக்குப் பட்டப்பெயர் வைத்த அந்தக் கார்ட்டூன் கழுதை செத்து, அதன் மகன் கழுதையும் இப்போது நான்தான். வில்லனின் அடியாட்களில் மூன்றாவதாக அடி வாங்குகிறவன் நான். வங்கிக்குப் போன் செய்தால் "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று காக்க வைப்பவனும் நான்தான். கல்யாணம் செய்துகொண்டேன், கேள்விப்பட்டிருப்பாய். நாலு வருஷம். போகும்போது அவள் கத்தவில்லை, பாத்திரத்தைப் போட்டு உடைக்கவில்லை. "நாலு வருஷமா உங்க முதுகத்தாங்க பாத்துட்டிருந்தேன்" என்றாள். அவ்வளவுதான். நல்ல பெண். என்னைவிட நன்றாக வசனம் எழுதுவாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நூலகத்தின் இரண்டாவது மாடியில், ஆணும் ஆணும் காதலிக்கிற குறும்படங்களாக ஏழு எடுத்துப் போட்டார்கள். நான் முகத்தில் பாதியைத் துண்டால் மூடிக்கொண்டு, பல்வலிக்காரன் மாதிரிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முதல் படத்தில் காருக்குள் இரண்டு பேர், வெளியே மழை, பதினான்கு நிமிஷம் ஒருவரும் பேசவில்லை. கண்ணாடித் துடைப்பானுக்குத்தான் அதில் பெரிய வேஷம். இரண்டாவதில் ஒரு தையல்காரர் ஒருவனுக்கு அளவெடுக்கிறார். தோள், மார்பு, இடுப்பு. ஒவ்வொரு இடத்திலும் நாடா ஒரு நொடி கூடுதலாக நிற்கிறது. அந்த ஆள் தேவையே இல்லாமல் சட்டை சட்டையாகத் தைத்துக்கொள்கிறான். கடைசியாக அளவு கொடுக்க வருவது கல்யாணக் கோட்டுக்கு. பக்கத்து நாற்காலிக்காரர் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. மூன்றாவதில் ஆஸ்பத்திரி. சாகக் கிடக்கிற கிழவரைப் பார்க்க வந்த இன்னொரு கிழவரிடம் படிவத்தை நீட்டி, "என்ன உறவுன்னு எழுதுங்க" என்கிறாள் நர்ஸ். முப்பது வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவர், பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'பக்கத்து வீடு' என்று எழுதுகிறார். முதல் ஆறு படத்தில் நான்கில் ஒருவன் கல்யாணம் செய்துகொள்கிறான், நான்கில் ஒருவன் சாகிறான். கணக்கு இடிக்கிறதே என்று பார்க்காதே. இரண்டில் இரண்டும்.

ஏழாவதற்கு முன்னால் ஒரு அட்டை போட்டார்கள். 'எடுத்தவர்கள் யாரென்று தெரியவில்லை. மூடிப்போன ஒரு எடிட்டிங் கூடத்தின் பெட்டியில் கிடைத்த கேசட்.' பிறகு ஒரு அறை. கட்டில் ஓரத்தில் சட்டையில்லாமல் ஒருவன் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறான். பக்கத்திலிருந்து ஒரு கை வருகிறது. முதுகின் நடுவில் படிகிறது. எடுக்கவே இல்லை.

நம் படம், லென்ஸ். பதினொரு நிமிஷத்தில் நாலு நிமிஷம்தான் மிஞ்சியிருக்கிறது. அறை மூலையில் இருந்த மஞ்சள் வாளியைக் காணோம், வெட்டியிருப்பார்கள். நம் அறை நீலம், படத்தில் சுவர் பச்சையாகத் தெரிந்தது, பழைய கேசட் அப்படித்தான். ஆனால் மச்சம் இருந்தது. என் முதுகை நான் வேறெங்கே பார்த்திருக்கிறேன், குளியலறைக் கண்ணாடியில் கழுத்தைத் திருகிப் பார்ப்பதுதான். கண்ணாடியில் எந்தப் பக்கம் தெரியுமோ, அதே இடது பக்கம், தோள்பட்டைக்குக் கீழே, கடலைப்பருப்பு அளவு. என் மச்சம்.

அழித்துவிட்டதாகச் சொன்னாய். அன்றைக்கு நான்தான் உன்னை அழிக்கச் சொல்லிக் கெஞ்சினேன். நீ அழிக்கவில்லை. எங்கேயோ எடுத்து வைத்திருக்கிறாய். இந்த வயதில் எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும், சொல்.

கழுதை


மார்ச் 13

கழுதைக்கு,

உன் கடிதத்தை அக்காதான் வாங்கினாள். "யாருடா இது, அனுப்புநர்னு போட்டு கழுதைன்னு எழுதியிருக்கு" என்று கேட்டாள். கூடப் படித்தவன் என்றேன். "நீ படிச்ச லட்சணம் தெரியுது" என்றாள்.

நான் எதையும் எடுத்து வைக்கவில்லை. நீ அழிக்கச் சொன்னாய், அழித்தேன். அந்த வருஷம் அத்தான் வேலை பார்க்கும் பள்ளியில் விளையாட்டு விழா. அவர் அங்கே உடற்பயிற்சி வாத்தியார். படம் எடுக்கக் கேசட் ஒன்று குறைந்தது. நம்முடையதைப் போட்டேன். இப்போது அதில் மூன்று கால் ஓட்டப்பந்தயம் ஓடுகிறது. கடைசியில் இரண்டு பிள்ளைகள் விழுந்து அழுகிறார்கள். அந்தக் கேசட் அலமாரியில் இருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன்.

ஒன்று மட்டும் உண்டு. எடிட் செய்த இடத்தில் ஒரு பிரதி போட்டிருந்தார்கள். அதைத் திரும்ப வாங்க நான் போகவில்லை. அந்த ஆள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. நீ பார்த்தது அதுவாக இருக்கலாம். மச்சம் வரைக்கும் சொல்கிறாயே, அதுவாகத்தான் இருக்கும்.

உன் கடிதத்தில் எல்லாம் இருந்தது, வீட்டுக்காரர் மட்டும் இல்லை. நீ மறந்திருப்பாய், அதனால் எழுதுகிறேன். அவர் கதவைத் தட்டினார். நீ சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போய்த் திறந்தாய். "யாருப்பா நீ?" என்றார். செய்தி வாசிக்கிற குரலில், "மின்விசிறி பழுது பார்க்க வந்தேன் ஐயா" என்றாய். மின்விசிறி நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நீ படியிறங்கிப் போனாய். அன்று சாயங்காலத்துக்குள் என் பெட்டி தெருவில் இருந்தது. கேசட்டை அழிக்கச் சொல்லி மறுநாள் போன் செய்தாய். பெட்டி எங்கே என்று கேட்கவில்லை.

அதை விடு. இப்போது எனக்கு இருப்பவை மூன்று. அக்கா வீட்டு முன்னறையில் ஸ்டூடியோ. ஏழு பள்ளிக்கூடம். அக்கா. இந்த மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று நிற்கிறது, அடியில் இருப்பதை உருவினால் எல்லாம் விழும். அடுத்த மாதம் எல்லாப் பள்ளியிலும் வகுப்புப் படம் எடுக்கும் நாள்.

அதனால் கேட்கிறேன். எழுந்து நின்று "அது என் முதுகு" என்றாய், சரி. அதோடு உட்கார்ந்துவிட்டாயா? ஒரு வாக்கியத்தோடு உட்காருகிற ஆள் இல்லை நீ. வேறென்ன சொன்னாய்?

லென்ஸ்


மார்ச் 18

என் லென்ஸே,

மூன்று கால் ஓட்டமா? ஊரில் வேறு கேசட்டே கிடைக்கவில்லையா? உன் காதலுக்கு மேல் உன் அத்தானின் விசில். சிரித்துச் சிரித்து ஒரு டேக் கெட்டது. ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "கழுதை கனைக்கச் சொன்னா கழுதைப்புலி மாதிரி சிரிக்கிறீங்களே சார்" என்றார்.

மின்விசிறி. ஆமாம். மறக்கவில்லை. எல்லாவற்றையும் வேடிக்கையாகச் சொல்லத் தெரிந்த எனக்கு அது ஒன்றை மட்டும் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அதனால் சொல்லவில்லை.

அந்தச் சாயங்காலத்தைப் பற்றிக் கேட்டாய். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. படத்தை எடுத்தவன் என் சிநேகிதன், நல்லவன் என்றேன். கை தட்டினார்கள். ஏற்பாடு செய்த அம்மாள் ஓடி வந்து, "சார், இவ்வளவு நாள் எங்க இருந்தீங்க?" என்று கேட்டு ஒரு காகிதக் கோப்பையில் தேநீர் கொடுத்தார். "எல்லாருக்கும் எதிர்லதாம்மா இருந்தேன், திரும்பி உட்கார்ந்திருந்தேன்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவருடைய ஆள் போய் எட்டு மாதமாகிறதாம். "சாவுக்குப் போனேன். பின்னால நின்னேன். யாரும் என்னைத் துக்கம் விசாரிக்கல" என்றார். நான் விசாரித்தேன். அந்த ஒரு காரியத்துக்காகவாவது அன்று போனது சரி என்று தோன்றியது.

எனக்குச் சொல்ல வேண்டியது வேறு. உன் கை. பெரிய திரையில் பார்க்கும்போது அதில் அவசரமே இல்லை. மூச்சு இழுக்கும்போது முதுகு எழுகிறது, கை கூடவே எழுகிறது. விடும்போது இறங்குகிறது. அவ்வளவுதான் படம். நாம் எடுத்தபோது எனக்கு ஞாபகமிருப்பதெல்லாம் உன் கை சில்லென்று இருந்ததும், சிரிப்பை அடக்கியதும்தான். வெளியிலிருந்து பார்த்தால் ஒருவனை ஒருவன் அப்படித் தொட்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் அந்தக் கதவைத் திறந்திருக்க மாட்டேன் என்று எழுத ஆசை. திறந்திருப்பேன். ஆனால் மின்விசிறி என்று சொல்லியிருக்க மாட்டேன்.

கழுதை


மார்ச் 27

கழுதைக்கு,

உன் வாக்கியம் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. உன் கடிதத்தைவிட வேகமாக வந்தது.

கூடத்தில் யாரோ போனில் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் டப்பிங் பெண் அதை ஊரில் தன் சித்திக்கு அனுப்பியிருக்கிறாள், "நம்ம போட்டோ அண்ணனைப் பத்தித்தான்" என்று. கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். சித்தியின் பிள்ளை மூன்றாம் வகுப்பு. இப்போது வகுப்புக்கு ஒரு போனாவது அதை வைத்திருக்கிறது. அத்தான் போனிலும் இருக்கிறது. அவர்தான் காட்டினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"முதுகு என்னோடது. அந்தக் கை என்ன ஆச்சுன்னு கேக்கறீங்களா? அது நல்லா இருக்கு. இப்ப ஏழு பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களோட தாடையத் தூக்கி விட்டுட்டிருக்கு."

அதன் பிறகு ஊர்ப் பெயரையும் சொன்னாய். சிரிப்பு. கைதட்டல். உன் குரல் நன்றாகப் பதிவாகியிருக்கிறது, ஒரு எழுத்துகூட நழுவவில்லை.

நல்ல வாக்கியம்தான். நீ ரசித்துச் சொன்னது தெரிகிறது. அதை இங்கே எப்படிக் கேட்கிறார்கள் என்று யோசித்துப் பார். பிள்ளைகள், கை, தாடை. பதினேழு வருஷமாக எந்தப் பிள்ளையின் தாடையைத் தூக்கினேன் என்று ஒவ்வொரு வீட்டிலும் பழைய படத்தை எடுத்துப் பார்க்கிறார்கள். என்னைப் பார்த்ததும் ஒரு அம்மா குழந்தையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். அவளையும் நான்தான் எடுத்தேன், இரண்டாம் வகுப்பில், முன்பல் இல்லாமல்.

ஒரு பள்ளி இந்த வருஷம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மற்ற ஆறும் இன்னும் பேசவில்லை.

இனி நீ எதுவும் செய்யாதே. சரி செய்யவும் வேண்டாம். அதைத்தான் குறிப்பாகச் சொல்கிறேன்.

லென்ஸ்


மார்ச் 31

லென்ஸ்,

பொய் சொன்னேன். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியபோது அந்த வாக்கியம் என் நாக்கு நுனியில்தான் இருந்தது. எழுதினால் நீ கோபிப்பாய் என்று தெரியும். அதையும்விட, எழுதினால் நீ சிரிக்க மாட்டாய் என்று தெரியும். எனக்கு இரண்டாவதுதான் பெரிய பயம் என்றால் நான் எப்படிப்பட்ட ஆள் என்று பார்த்துக்கொள்.

எப்படி வந்தது என்று சொல்லட்டுமா? இரண்டு பேருக்கிடையே ஒரு கை, முதுகு, நாலு நிமிஷம். கூடமே அழுதுகொண்டிருந்தது. எனக்கு அழுகிற கூட்டத்தைக் கண்டால் கை அரிக்கும். சிரிக்க வைக்க வேண்டும். இருபத்தாறு வருஷமாகக் கழுதையாகவும் அடியாளாகவும் இருட்டறையில் நின்று பேசுகிறவனை முப்பத்தொரு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். என்னிடம் இருந்ததிலேயே நல்ல துணுக்கு உன் வாழ்க்கைதான். எடுத்து விட்டேன்.

நீ சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. உன் கடிதம் நேற்றுக் காலையில் வந்தது, ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்து பார்த்தேன். முடியவில்லை. இன்று மதியம் ஒரு வீடியோ எடுத்துப் போட்டுவிட்டேன். சுருக்கமாகத்தான் பேசினேன். அன்று குடித்திருந்தேன், அந்தப் படத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, அந்த முதுகு யாருடையது என்று தெரியாது, அந்த ஊர் போட்டோக்காரரை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை, விளம்பரத்துக்காகச் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள். செய்தி வாசிக்கிற குரலில்தான் சொன்னேன். அந்தக் குரலை எல்லாரும் நம்புவார்கள். இதற்குள் நாலாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். 'நம்பிக்கைத் துரோகி', 'கோமாளி' என்று கீழே எழுதுகிறார்கள். ரயில்வேக்காரரும் ஒரு வரி எழுதியிருக்கிறார். 'நீங்க துக்கம் விசாரிச்சதும் அப்படித்தானா?' என்று.

பரவாயில்லை. உன் மூன்றும் நிற்கட்டும். யாராவது கேட்டால் நீயும் தெரியாது என்று சொல்லிவிடு. இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சொன்னால் முடிந்தது.

கழுதை


ஏப்ரல் 9

கழுதைக்கு,

முப்பத்தொன்றாம் தேதி மதியம் நீ வீடியோ போட்டாய். அதே நாள் காலை பதினொரு மணிக்குப் பெற்றோர் குழு என்னைக் கூப்பிட்டிருந்தது.

தலைமையாசிரியை அறை. அங்கேதான் வருஷா வருஷம் ஆசிரியர்கள் படம் எடுப்பேன், நாற்காலிகளை நான்தான் அரைவட்டமாகப் போடுவேன். அன்றைக்கு அவர்களாகவே போட்டிருந்தார்கள். ஒன்பது பேர். அத்தானும் இருந்தார், கழுத்தில் விசிலோடு. எனக்கு நாற்காலி போடவில்லை.

தலைமையாசிரியை நல்லவர். "சுத்திவளைக்க வேண்டாம். அந்தப் படத்துல இருக்கிறது உங்க கை இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாங்க நம்பறோம். இந்தப் பேச்ச இங்கயே விட்டுடலாம்" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் நான் இல்லை என்று சொன்னால் நிம்மதிதான். இத்தனை வருஷப் பழக்கம்.

"படத்தப் பாத்தீங்களா?" என்று கேட்டேன்.

"அந்தக் கண்றாவிய யாருங்க பாப்பாங்க?" என்றார் ஒருவர், அரிசி மண்டிக்காரர்.

ஒருவரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. உன் கடிதத்தில் படித்ததுதான். மூச்சோடு எழுந்து மூச்சோடு இறங்கியது என்று எழுதியிருந்தாயே. அதை அன்று காலையில்கூட ஒரு தரம் படித்துவிட்டுப் போனேன். கை என்னுடையது இல்லை என்று சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தேன். நீ அந்தக் கதவைத் திறந்தபோது பின்னால் நின்றுகொண்டிருந்த எனக்கு எப்படி இருந்தது என்று ஞாபகம் வந்தது. அந்தக் கைக்கும் அப்படித்தானே இருக்கும் என்று தோன்றியது.

"என் கைதான். பிள்ளைங்கள அது ஒண்ணும் செஞ்சதில்ல. ஆனா என் கைதான்" என்றேன்.

அத்தான் எழுந்து வெளியே போனார்.

சாயங்காலம் உன் வீடியோ வந்தது. அவனே பார்த்ததில்லை என்கிறான், இந்த ஆள் ஏன் தானாக வந்து தலையைக் கொடுத்தான் என்று ஊரே சிரித்தது. இதுவரை கோபமாகத்தான் இருந்தார்கள். சிரிக்க வைத்தது உன் வேலை. மறுநாள் பால் வாங்கப் போனால், "என்னண்ணே, உங்காளு உங்கள யாருன்னே தெரியாதுங்கறாரு" என்கிறான் கடைக்காரன். இரண்டாவது மின்விசிறி, கழுதை. நீ செய்யாதே என்று எழுதியிருந்தேன்.

ஏழு பள்ளியும் போயிற்று. பலகையை அத்தான் கழற்றவில்லை, நான்தான் கழற்றினேன், அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். அக்கா என்னிடம் பேசவில்லை. சாப்பாடு போடுகிறாள், முகத்தைப் பார்ப்பதில்லை. நேற்று மட்டும் கேட்டாள், "இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதாடா?" என்று. என்னிடம் பதில் இருந்தது. அவளிடம் சொல்ல முடியாது, அதனால் உனக்கு எழுதுகிறேன். சொல்லியிருந்தால் அது பொய்யாகியிருக்கும்.

சனிக்கிழமை கிளம்புகிறேன். எங்கே என்று எழுதவில்லை.

லென்ஸ்


மே 6

லென்ஸ்,

உன் அக்கா வீட்டு முகவரிக்கே எழுதுகிறேன். அவர் கிழித்துப் போட்டாலும் சரி, உனக்கு அனுப்பினாலும் சரி. அக்கா, இதை நீங்கள் பிரித்துப் படிக்கிறீர்கள் என்றால், கழுதை என்று போட்டது வேடிக்கைக்கு இல்லை, இப்போது அதுதான் சரியான பெயர்.

என்னிடம் வேடிக்கை எதுவும் மிச்சமில்லை. வீடியோவை நீக்கிவிட்டேன். நீக்கியதற்கும் திட்டுகிறார்கள். நூலகத்துக்குப் போய் அந்த அம்மாளிடம் உண்மையைச் சொன்னேன். "எது உண்மை சார்? ரெண்டு தடவையும் ஒரே குரல்லதான் சொன்னீங்க" என்றார். ரயில்வேக்காரர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார், பார்த்தார், சாத்திக்கொண்டார். அவர் சாத்தியது நியாயம்.

டப்பிங் பெண் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுகிறாள். "நான் நல்லதுன்னு நினைச்சு அனுப்பினேன் சார்" என்கிறாள். "நானும் நல்லதுன்னு நினைச்சுத்தாம்மா சொன்னேன்" என்றேன்.

இங்கே எனக்கு இரண்டு அறை வீடு. ஒரு அறையில் பழைய செய்தித்தாளும் ஓடாத சைக்கிள் ஒன்றும் இருந்தன. இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டேன். கேட்பவர்களுக்கு என்ன உறவு என்று சொல்வது என்றுதான் முன்பெல்லாம் யோசிப்பேன். இப்போது யாரும் கேட்பதில்லை, எல்லாருக்கும் தெரியும். வா. பேச வேண்டாம். நான் வேலைக்குப் போகும் நேரம் தவிர வாயைத் திறக்க மாட்டேன்.

வர மனமில்லை என்றால், ஒன்று மட்டும் என்னோடு இருக்க அனுமதி கொடு. எல்லாம் போயிற்று, ஒத்துக்கொள்கிறேன், நான்தான் காரணம். ஆனால் அந்த நாலு நிமிஷம் இருக்கிறது. அவர்கள் அதை இப்போது இணையத்தில் போட்டுவிட்டார்கள், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் தினம் வேலைக்குப் போகுமுன் ஒரு தரம் பார்க்கிறேன். வெளியே என்ன சொல்லியிருந்தாலும் அங்கே நான் கதவைத் திறக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். உன் கை அங்கேயே இருக்கிறது. நீயும் பார். பார்த்தால் என்னை மன்னிக்கத் தோன்றலாம். தோன்றாவிட்டாலும் பார்.

கழுதை


ஜூன் 2

கழுதைக்கு,

அக்கா உன் கடிதத்தை அனுப்பினாள். பிரித்து, படித்து, திரும்ப ஒட்டி அனுப்பியிருக்கிறாள். பசை அதிகம். கூட ஒரு துண்டுச் சீட்டு. 'நேரத்துக்குச் சாப்பிடு' என்று மட்டும்.

இங்கே பாஸ்போர்ட் படம் எடுக்கும் கடை ஒன்றில் இருக்கிறேன். நாற்காலி, வெள்ளைத் திரை, ஒரு பொத்தான். தாடை எங்கே இருக்க வேண்டும் என்று கணினித் திரையில் பச்சைக் கோடு வருகிறது, வருகிறவர்களே பார்த்துச் சரி செய்துகொள்கிறார்கள். யாரையும் தொட வேண்டியதில்லை. முதலாளி என்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. படுக்க மேலே ஒரு இடம் கொடுத்திருக்கிறார்.

உன் வீட்டுக்கு வரவில்லை. கோபமாக எழுதவில்லை, வரவில்லை என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று மதியம் கடையில் ஆள் இல்லை. நீ சொன்னாயே என்று படத்தைப் பார்த்தேன். நல்ல படம். எடுத்தவனுக்கு வெளிச்சம் தெரிந்திருக்கிறது, ஜன்னலை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. நான் அவ்வளவு நன்றாக எடுத்திருக்க மாட்டேன். சுவர் பச்சை. கேசட் பழசானால் நிறம் மங்கும், இப்படிச் சுத்தமாக மாறாது. வாளி வெட்டப்படவில்லை, அந்த அறையில் வாளியே இல்லை. கை என்னுடையது போலத்தான் இருந்தது. அந்த இடத்தில் வைத்தால் எல்லார் கையும் அப்படித்தான் இருக்கும்.

இரண்டு முறை பார்த்தேன். உனக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் கடைசிவரை நினைத்தேன். தினம் பார்ப்பதாக எழுதியிருந்தாய், அதனால் சொல்கிறேன். நீ உன் முதுகைக் கண்ணாடியில் மட்டும்தான் பார்த்திருக்கிறாய். நான் நேரில் பார்த்திருக்கிறேன். கண்ணாடி பக்கத்தை மாற்றிக் காட்டும்.

உன் மச்சம் வலது பக்கம்.

லென்ஸ்